கட்டி இருக்கிறது, சரி. ரத்தப்போக்குக்கு அதுதான் காரணமா?

நாற்பத்தைந்தை நெருங்கும் வயதில் பல பெண்களுக்கு மாதவிடாயின் ஒழுங்கு குலைகிறது. ஒரு முறை 20 நாளிலேயே வந்துவிடும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும், வந்தால் பத்து நாளாகியும் நிற்காது. மருத்துவரிடம் போனால் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கர்ப்பப்பை சற்றுப் பெரிதாக இருக்கிறது, 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறது என்று அறிக்கை வருகிறது. அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் பேச்செல்லாம் கட்டியைப் பற்றித்தான். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது, இனி அந்தக் கர்ப்பப்பை எதற்கு, எடுத்துவிடலாமே என்று உறவில் ஒருவராவது சொல்வார். இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறாக, இந்த வயதில் எல்லோருக்கும் இப்படித்தான், நின்றுபோனால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண் ரத்தசோகையோடு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளிக்கொண்டிருப்பார். இரண்டு வீடுகளிலும் விடுபட்டது ஒரே கேள்விதான்: ரத்தம் ஏன் இப்படிப் போகிறது?

இந்த வயதில் ஃபைப்ராய்டு இருப்பது மிகச் சாதாரணம். மாதவிடாய் தாறுமாறாவதும் சாதாரணம். இரண்டும் ஒரே உடலில் ஒரே காலத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. சில பெண்களுக்கு அப்படி இருக்கும், பலருக்கு இருக்காது. அதைப் பிரித்தறியாமல் எடுக்கப்படும் சிகிச்சை முடிவுகள்தான் நம் ஊரில் அதிகம் என்பது என் வருத்தம்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகள்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டது என்று மருத்துவம் கணக்கிடுகிறது. அதாவது நின்ற நாளை, ஓர் ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேற்கு நாடுகளில் இதன் சராசரி வயது 51 அளவில் இருக்க, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மாற்றங்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். சராசரியாக நான்கு ஆண்டுகள் என்பார்கள். சிலருக்கு இரண்டு, சிலருக்கு எட்டு. எனவே 41, 42 வயதில் சுழற்சி மாறத் தொடங்கினால் பதற வேண்டியதில்லை. அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு இடையில் ஏழு நாள் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வரத் தொடங்குவது முதல் கட்டம். 60 நாள் அல்லது அதற்கும் மேல் மாதவிடாய் வராமல் இடைவெளி விழுவது இரண்டாம் கட்டம், முடிவை நெருங்கிவிட்டதன் அடையாளம்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கின்றன. பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய 400 மட்டுமே. மற்றவை தாமாகவே கரைந்துபோகின்றன. நாற்பதுகளில் இந்த இருப்பு குறையும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை இன்னும் வேகமாகத் தூண்டுகிறது. அதனால் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் படிப்படியாக இறங்காமல் ஏறி இறங்கித் தத்தளிக்கிறது. சில மாதங்களில் அது இளம் வயதில் இருந்ததைவிடவும் அதிகமாகச் சுரக்கிறது. ஹார்மோன் குறைகிற வயது என்று பொதுவாகச் சொல்லப்படுவதால், இந்த ஏற்றத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் போதிய அளவு சுரக்கும். இந்த வயதில் முட்டை வெளிவராத மாதங்கள் கூடிக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்படலத்தை வளர்க்கிறது. அதை நிலைப்படுத்தி, ஒரே சமயத்தில் ஒழுங்காக உதிரச் செய்வது புரோஜெஸ்டிரோன். அது இல்லாத மாதத்தில் படலம் கட்டுப்பாடின்றித் தடித்து, தாங்க முடியாத நிலை வரும்போது அங்கும் இங்குமாக உதிர்கிறது. இரண்டு மாதம் வராமலிருந்து, வந்தபின் ரத்தம் உறைந்து கட்டிகட்டியாகப் பதினைந்து நாள் போவது பெரும்பாலும் இதனால்தான். இதில் ஃபைப்ராய்டுக்குப் பங்கே இல்லாமல் இருக்கலாம்.

45 வயதைக் கடந்தவருக்கு இந்தப் பருவத்தை உறுதிசெய்ய விலை கூடிய ஹார்மோன் பரிசோதனைகள் பெரும்பாலும் தேவைப்படாது. இன்று எடுத்த அளவு அடுத்த வாரம் மாறிவிடும். மாதவிடாய் வந்த நாள்களைக் காலண்டரில் குறித்துவைத்திருந்தால், அந்தத் தாள் ஆய்வக அறிக்கையைவிட மருத்துவருக்கு உதவும். தைராய்டு பரிசோதனை மட்டும் இதிலிருந்து விலக்கு. தைராய்டு குறைபாடும் ரத்தப்போக்கை அதிகமாக்கக்கூடியது, இந்த வயதில் பரவலாகவும் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளாதவர் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் அவசியம். மாதவிடாய் தள்ளிப்போவதை வயதின் மாற்றம் என்று நினைத்திருந்து நான்காம் மாதத்தில் கர்ப்பம் தெரியவருவது நடக்கக்கூடியதே.

ஃபைப்ராய்டு: அளவைவிட இடம்

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசைச் செல்களில் ஒன்று பெருகி, நார்த்திசுவோடு சேர்ந்து உருண்டையாவதுதான் ஃபைப்ராய்டு. கடுகளவிலும் இருக்கும், தேங்காய் அளவிலும் இருக்கும். 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றாவது உருவாகிவிடுகிறது. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கும் 50 வயதுக்குள் இது இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதனால், நாற்பதுகளில் ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் செய்தால் ஏதோ ஒரு கட்டி தட்டுப்படுவதற்கான வாய்ப்பே அதிகம்.

கட்டி என்றதும் எல்லோர் மனமும் புற்றுநோய்க்குத்தான் தாவுகிறது. ஃபைப்ராய்டு புற்றுநோய் அல்ல, வழக்கமாகப் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஃபைப்ராய்டு என்று எண்ணி எடுக்கப்படும் கட்டிகளில் உண்மையில் சதைப் புற்றாக இருப்பது மிக அரிது.

அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் தரும் தொல்லையை முற்றத்தில் கிடக்கும் பாறை தருவதில்லை. கர்ப்பப்பையின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைப்ராய்டு ஒன்றரை சென்டிமீட்டராக இருந்தாலும் ரத்தப்போக்கைக் கடுமையாக்கிவிடும். வெளிப்புறமாக வளர்ந்திருப்பது 6 சென்டிமீட்டர் இருந்தாலும் ரத்தப்போக்கோடு தொடர்பில்லாமல் இருக்கலாம். அடிக்கடி சிறுநீர் போகத் தோன்றுவது, மலச்சிக்கல், அடிவயிற்றில் கனம் என்று அதன் தொல்லைகள் வேறு. சுவருக்குள்ளேயே புதைந்திருப்பது இரண்டுக்கும் நடுவில், உட்குழியை எவ்வளவு விரித்துவிட்டது என்பதைப் பொறுத்தது. பன்னாட்டு மகளிர், மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு ஃபைப்ராய்டுகளை அவை இருக்கும் இடத்தை வைத்து 0 முதல் 8 வரை எண்ணிட்டு வகைப்படுத்தியிருப்பது இதனால்தான். ஸ்கேன் அறிக்கையில் அந்த எண்ணோ, உட்குழியைத் தொடுகிறதா என்ற குறிப்போ இல்லையென்றால் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. சென்டிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

அதே கூட்டமைப்பு 2011இல், இயல்புக்கு மாறான ரத்தப்போக்குக்கான காரணங்களை ஒன்பது வகைகளாகப் பிரித்தது. ஃபைப்ராய்டு அந்த ஒன்பதில் ஒன்று. உட்படலத்தில் தொங்கும் சிறு சதை வளர்ச்சி, படலத் திசு சுவருக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸ், உட்படலம் மிகையாகத் தடித்தல் அல்லது அதில் புற்றுநோய், ரத்தம் உறைவதில் குறை, முட்டை வெளிவராமை, ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், காப்பர்-டி என்று மற்றவை நீள்கின்றன. அறிக்கையில் ஃபைப்ராய்டு என்ற சொல்லைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டால் மற்ற எட்டும் பார்க்கப்படாமலே போய்விடும். அவற்றில் தவறவிடவே கூடாதது உட்படலப் புற்றுநோய். அதனால்தான் 45 வயதைக் கடந்தவர்களுக்கு ரத்தப்போக்கு மாறினால் உட்படலத்திலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் 40ஐக் கடந்தாலே அதைச் செய்வது நல்லது என்று கருதும் மருத்துவர்கள் உண்டு. உடல் பருமன், நீரிழிவு, நெடுநாள் ஒழுங்கற்ற மாதவிடாய், மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் எடுத்துக்கொள்வது ஆகியவை இருந்தால் வயது பார்க்காமலே செய்ய வேண்டும். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, பல சமயம் புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய பரிசோதனை அது. இந்த முடிவு கையில் இல்லாமல் கர்ப்பப்பையை அகற்ற நாள் குறிக்கப்பட்டால் அங்கே ஒரு கேள்வி எழுப்பியே ஆக வேண்டும்.

எவ்வளவு போனால் அதிகம்

நாட்டு வைத்தியத்தில் பெரும்பாடு என்றே இதற்குத் தனிப் பெயர் உண்டு. அவ்வளவு பழைய துன்பம் இது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் போவது அதிகம் என்று பாடநூல்கள் சொல்லும். வீட்டில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்துபோவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, உறைந்த ரத்தம் பெரிய கட்டிகளாக விழுவது, எட்டு நாளைத் தாண்டுவது, கறை படும் என்று பயந்து பஸ் ஏறாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலே அது அதிகம்தான். பெண்ணின் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவு போனால் அதற்குச் சிகிச்சை தேவை என்பதே இன்றைய மருத்துவ அளவுகோல். வயது எதுவாக இருந்தாலும் இது பொருந்தும்.

ரத்தசோகை சத்தமில்லாமல் வரும். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, நெஞ்சு படபடப்பது ஆகியவற்றை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடுகிறோம். பச்சை அரிசியை அள்ளி மெல்ல வேண்டும் போலிருப்பதும், ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றுவதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7, 8 என்ற நிலையில் நடமாடிக்கொண்டே சமையலும் வயல் வேலையும் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். உடல் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டதால் எழுந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஃபைப்ராய்டுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன்பே இரும்புச்சத்தை ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியே ஏற்றும் மருந்து இருக்கிறது. மாத்திரையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு உதவும்.

எடுத்துவிடுவதற்கு முன் எத்தனை வழிகள்

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும்தான் ஃபைப்ராய்டுக்குத் தீனி. மாதவிடாய் நின்று அவை அடங்கியதும் கட்டி பெரும்பாலும் சுருங்கத் தொடங்கும், ரத்தப்போக்கும் முடிந்துபோகும். ஆகவே 49 வயதுப் பெண்ணுக்குத் தேவைப்படுவது, ரத்தத்தை இழக்காமல் ஓரிரு ஆண்டுகளைக் கடக்க ஒரு வழி. 41 வயதுப் பெண்ணுக்குக் கடக்க வேண்டிய தொலைவு அதிகம், அவருக்கான கணக்கு வேறு. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டியின் அளவுக்குக் கொடுக்கும் இடத்தை, எஞ்சியிருக்கும் இந்தக் காலத்துக்கும் கொடுக்க வேண்டும்.

எளியதிலிருந்து தொடங்கலாம். டிரானெக்சாமிக் அமிலம் ஹார்மோன் அல்ல; அதிகமாகப் போகும் நாள்களில் மட்டும் எடுத்துக்கொண்டால் ரத்தப்போக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒக்கமோட்டோ என்ற பெண் மருத்துவர், பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய்மார்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று கணவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட மருந்து அது. கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. வலியும் சேர்ந்திருந்தால் மெஃபெனாமிக் அமிலம் ஓரளவு கைகொடுக்கும்.

நம் நாட்டிலேயே உருவான மருந்தும் ஒன்று உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மிலாக்சிஃபென், 1991 முதல் ‘சஹேலி’ என்ற பெயரில் கருத்தடை மாத்திரையாகக் கிடைக்கிறது. உட்படலம் தடிப்பதை அது கட்டுப்படுத்துவதால், இந்திய மகளிர் மருத்துவர்கள் அதிக ரத்தப்போக்குக்கும் அதைத் தருகிறார்கள். கல்லீரல் நோய், சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

நான் அதிகம் பேசப்பட வேண்டும் என்று விரும்புவது லெவோனார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனைக் கசியவிடும் கர்ப்பப்பைச் சாதனத்தைப் பற்றி. பின்லாந்தில் உருவாகி 1990இல் விற்பனைக்கு வந்தது. பார்க்கக் காப்பர்-டி போலவே இருப்பதால், ரத்தப்போக்கைக் கூட்டிவிடும் என்று பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். காப்பர்-டி கூட்டலாம், உண்மை. இதுவோ நேரெதிர்: உட்படலத்தை மெலியவைத்து, ஓர் ஆண்டுக்குள் ரத்தப்போக்கை 90 விழுக்காடு வரைகூடக் குறைக்கிறது. ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உழைக்கும். 45 வயதில் பொருத்தினால் பலருக்கு மாதவிடாய் நிற்கும் வரை அதுவே போதும். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாக ரத்தம் படுவது வழக்கம், அதை முன்பே சொல்லாவிட்டால் பயந்து எடுத்துவிடுகிறார்கள். உட்குழியை உருக்குலைக்கும் பெரிய ஃபைப்ராய்டு இருந்தால் இது நிலைக்காமல் வெளியே வந்துவிடலாம். அங்கேதான் மறுபடியும் கட்டி இருக்கும் இடம் முக்கியமாகிறது.

நோரெதிஸ்டிரோன் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் திருவிழாவுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இதுதான். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் இந்த வயதில் நல்ல பலன் தரும். தானாக வாங்கிப் போட்டு நிறுத்தினால், நிறுத்தியதும் வரும் ரத்தப்போக்கை உடலின் இயல்பான சுழற்சி என்று தவறாக எண்ண நேரும்; காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் சிக்கலாகும்.

மருந்துக்கு அடங்காதபோது, உட்குழிக்குள் நீட்டியிருக்கும் கட்டியை வயிற்றைத் திறக்காமல், பிறப்புறுப்பு வழியே கருவியைச் செலுத்தி அகற்றலாம். கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை நுண்துகள்களால் அடைத்து அதைச் சுருங்கவைக்கும் முறை 1995இல் பாரிஸிலிருந்து அறிவிக்கப்பட்டது. நம் பெருநகரங்களிலும் செய்கிறார்கள். கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கும் ஊசிகளும் உண்டு, ஆனால் எலும்பை மெலியவைப்பதால் சில மாதங்களுக்கு மேல் தனியாகத் தருவதில்லை. உணவாலோ கஷாயத்தாலோ ஃபைப்ராய்டைக் கரைத்துவிடலாம் என்று வரும் விளம்பரங்களை நம்பிக் காலம் கடத்துவது ஹீமோகுளோபினை இன்னும் இறக்கும்.

கர்ப்பப்பையை அகற்றுவதற்கு நான் எதிரானவள் அல்ல. மற்றவை பலிக்காமல் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்போது, பெரிய கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்தும்போது, திசுப் பரிசோதனை ஆபத்தைக் காட்டும்போது அதுவே சரியான சிகிச்சை. அதற்குப்பின் நிம்மதியடைந்த பெண்கள் ஏராளம். என் கவலையெல்லாம் அது முதல் படியாக ஆகிவிட்டதைப் பற்றியது.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 100க்கு 3 பேர் அளவில் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது மிக அதிகம். 2015-16இல் எடுக்கப்பட்ட நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 34 வயதுக்குள்ளேயே அதைச் செய்துகொண்டவர்கள் என்று தெரியவந்தது. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு அல்லது வலி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் 2019இல் நடந்த கணக்கெடுப்பில், 82,000 பேரில் 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். விடுப்பு எடுத்தால் கூலி பிடிக்கப்படும் வேலையில் மாதவிடாயே ஒரு நஷ்டக் கணக்காகிவிட்ட கொடுமை அது. பிகாரிலும் சத்தீஸ்கரிலும் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிக் கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டதாக எழுந்த புகார்களை மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். மத்திய அரசு 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

இதில் கெட்ட மருத்துவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மருத்துவமனையில் படுத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் காப்பீடு பணம் தருகிறது. புறநோயாளியாக வாங்கும் மாத்திரைக்கும் சாதனத்துக்கும் பெரும்பாலும் கைக்காசுதான். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பதால், கர்ப்பப்பையின் வேலை முடிந்தது என்ற எண்ணம் முப்பது வயதுக்குள்ளேயே வேரூன்றிவிடுகிறது. ‘அப்படியே சினைப்பையையும் எடுத்துவிடுகிறேன்’ என்று சொல்லப்படும்போது பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஹார்மோன் ஒரே நாளில் அறுந்துபோகும். எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முன்கூட்டியே வரும் ஆபத்து கூடுகிறது. சினைப்பையை விட்டுவைத்தாலும், கர்ப்பப்பை போனபின் அது சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துபோகலாம். கையெழுத்திடும் முன் எவற்றையெல்லாம் எடுக்கப் போகிறார்கள், ஏன் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

காத்திருப்பது என்று முடிவெடுத்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உடலுறவுக்குப்பின் ரத்தம் படுதல், இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவை கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டியதன் அறிகுறிகள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் எனத் தொடர்ந்து நனைந்துகொண்டிருந்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்று ஓர் ஆண்டு ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பழைய ஃபைப்ராய்டு இருக்கிறதே, அதுவாக இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. அப்படி வரும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உட்படலப் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்திவிட முடிகிறது. சுருங்க வேண்டிய காலத்தில் வளரும் ஃபைப்ராய்டும் அதே அவசரத்தோடு பார்க்கப்பட வேண்டியது.